படுத்திருக்கும் படை

தூரிகையின் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் கூராக்கிக்கொள்கிறார் மருது. இடது கையில் ஒரு மருந்துப் புட்டியின் மூடி. மூடியின் மேல் கட்டைவிரல் உயரத்தில் ஒரு வேல்வீரன் ஒட்டப்பட்டிருக்கிறான். உடலுக்குச் சாயம் பூசியாகிவிட்டது. கண் மட்டும் பாக்கி. மருது மூச்சை இழுத்து, பாதியை வெளியே விட்டு, மீதியை நிறுத்திக்கொள்கிறார். புள்ளி விழுகிறது. அதற்குப் பிறகுதான் மீதி மூச்சு வருகிறது.

"துப்பாக்கி விசைய அமுக்குறதும் இப்புடித்தான் அய்யா. பாதி மூச்சுல நிப்பாட்டணும். இல்லாட்டி அங்க குண்டு தப்பும், இங்க கண்ணு கோணிக்கிரும்."

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேற்குப் பக்கம் அவருடைய இடம். காலை வேளையில் அங்கே வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் விழும். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு செங்கல். முடிந்த வீரர்கள் அதன் மேல் வரிசையாக நின்று காய்வார்கள். வீரர்கள் எல்லாம் அவர் கையால் செய்தவர்கள். கட்டுக்கம்பியை முறுக்கி எலும்பு. எம்சீல் ஒட்டுப்பசையைப் பிசைந்து தசை. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் கேடயம். தேங்காய் நாரில் குதிரை வால். எம்சீல் இறுகுவதற்குள் முகத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தாலும் எடுக்கமாட்டார். மனைவி கூப்பிட்டாலும் அப்படித்தான்.

மருது தரைப்படையில் ஹவில்தார். வயர்லெஸ் பிரிவு. சொந்த ஊர் கல்லலுக்குப் பக்கம். மகளின் படிப்புக்காகக் காரைக்குடிக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள். வருடத்தில் பெரும்பகுதி மனைவி செந்தாமரையும் மகளும் மட்டும் இருக்கும் வீடு அது. அவர் வந்துவிட்டார் என்பது கீழே இருக்கும் எனக்குச் சாய வாசனையில் தெரிந்துவிடும்.

தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் கருத்தையாவுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. முந்தைய விடுமுறைகளில் மருது கடைக்குப் போனதும் தொடங்கிவிடுவார்.

"என்ன ஹவில்தாரு, நேத்து எத்தனை பேரு?"

"ஆறு பேரு."

"ஆறும் முடிஞ்சதா?"

"ரெண்டு பேரு இன்னும் காயல."

கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மருது சிரிக்காமல் டீயை ஆற்றிக் குடிப்பார். செந்தாமரையின் கிண்டல் வேறு மாதிரி. "அங்குட்டு இருந்தா நிசப் பட்டாளம், இங்குட்டு வந்தா பொம்மைப் பட்டாளம். இவுகளுக்கு லீவுன்னு எதைத்தான் குடுக்குறாகளோ!"

இந்த முறை கருத்தையா எதுவும் கேட்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் சிலர் மருது சதுரங்கம் ஆடுகிறார் என்று சொல்கிறார்கள். அது சரியல்ல. சதுரங்கத்துக்குக் கட்டம் உண்டு. இதற்குக் கட்டம் கிடையாது. முன்னறையில் ஒரு பெரிய ஒட்டுப்பலகை மேசை. அதன் மேல் ஒரு நாடு தீட்டப்பட்டிருக்கிறது. ஆறு, மலை, இரண்டு கோட்டைகள், நடுவில் ஒரு காடு. எல்லாம் சாயத்தில்தான், மேடு பள்ளம் எதுவும் இல்லை, பலகை வழவழவென்று சமமாக இருக்கும். வீரன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அளவு நாடாவால் அளப்பார்கள். சண்டையைப் பகடை தீர்மானிக்கும். மலைமேல் ஒரு காவல் முகாமில் இருந்தபோது, அங்கு வந்த ஓர் இளம் அதிகாரி இந்த வகை ஆட்டத்தைப் பெட்டியோடு கொண்டு வந்து கற்றுக்கொடுத்தாராம். அவர் மாற்றலாகிப் போனபோது பெட்டியும் போய்விட்டது. ஆட்டம் இரண்டு பேரிடம் தங்கிவிட்டது. ஒருவர் மருது. இன்னொருவர் நாச்சியாபுரத்துச் சின்னக்கண்ணு.

இரண்டு பேரும் ஒரே முகாமில் வயர்லெஸ்காரர்கள். ஒருவர் விடுமுறையில் வந்தால் மற்றவர் அங்கே இருந்தாக வேண்டும். ஆகவே இந்த மேசையின் இரு பக்கமும் அவர்கள் ஒரு நாள்கூட எதிரெதிரே நின்றதில்லை. மருது விடுமுறையில் வரும்போது தன் படையை நகர்த்திவிட்டுப் போவார். பிறகு சின்னக்கண்ணு விடுமுறையில் வந்து, ஒரு பகல் இங்கே செலவிட்டு, தன் படையை நகர்த்திவிட்டுப் போவார். ஒரு விடுமுறைக்கு ஒரு நகர்வு. இந்தக் கணக்கில் ஒரு போர் முடியப் பல ஆண்டுகள் ஆகும். அவர்களுக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கென்று அவர்களே சில விதிகள் வைத்திருந்தார்கள். மலைமேல் இருக்கும்போது ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எதிராளி என்ன செய்தான் என்பதை வீட்டுக்கு வந்து துணியை விலக்கித்தான் பார்க்க வேண்டும். செத்த வீரன் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது தன் வீரர்கள் அத்தனை பேரையும் நின்ற இடத்திலேயே படுக்க வைத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் எழுப்பி நிறுத்த வேண்டும். படுத்திருந்தால் வேலையில் இருக்கிறான். நின்றால் வீட்டுக்கு வந்திருக்கிறான். இருவரும் மலைமேல் இருக்கும் மாதங்களில் இரண்டு படைகளும் படுத்திருக்கும். மேலே பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைப் போர்த்தி, மருது உள்ளங்கையால் சுருக்கம் எடுத்துவிட்டுப் போவார். படுத்திருப்பவர்கள் மேல் இஸ்திரி போட்டதுபோல் தாழக் கிடக்கும்.

எதிராளி இல்லாமல் பகடை உருட்டினால் யார் நம்புவது? அதற்குச் சாட்சி வேண்டும் என்று, அவரவர் விடுமுறையில் கீழே வந்து என்னைக் கூப்பிட்டார்கள். எடை அளவு முத்திரை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது காரணம். "எங்க பகடைக்கும் ஒரு முத்திரை குத்திக் குடுத்துருங்கய்யா," என்றார் சின்னக்கண்ணு. பகடைகளை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயவில்லை. அன்றிலிருந்து துணியை விலக்குவதும் போர்த்துவதும்கூட என் முன்னால்தான்.

மருதுவின் நேர்மைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஒருமுறை அவர் உருட்டிய பகடை மேசையை விட்டு விழுந்து பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்று. அவருடைய நல்ல குதிரை ஒன்று செத்துப்போக வேண்டும்.

"கீழ விழுந்தது கணக்கா? திருப்பி உருட்டுங்களேன்," என்றார் செந்தாமரை. "அந்த அண்ணன் என்ன, பாத்துக்கிட்டா இருக்காரு?"

"பாக்கல. அதுனாலதான்," என்று சொல்லிவிட்டு, குதிரையை டின்னில் போட்டு மூடினார் மருது.

சின்னக்கண்ணு அதற்கு நேர் எதிரான சுபாவம். வாசலிலேயே குரல் கேட்கும். மருதுவும் அவரும் ஒருவரையொருவர் 'மாப்ள' என்று அழைத்துக்கொள்வதால் செந்தாமரை அவருக்குத் தங்கச்சி. "தங்கச்சி, ஒன் வீட்டுக்காரன் கோட்டைய இன்னைக்கு இடிக்கப்போறேன். அதுக்கு முன்னாடி சோத்தப் போடு," என்பார். அவருக்கு மீசை அடர்த்தியாக வளராது. ஆனால் தன் படைத்தலைவனுக்குக் கறுப்பு நூலை முறுக்கிக் காதுவரை மீசை வைத்திருந்தார். ஆட்டத்தில் அந்தப் பொம்மைக்கே 'மீசைக்காரர்' என்று பெயர்.

போன மாரிக்காலத்தில் சின்னக்கண்ணு விடுமுறையில் வந்தபோது நடந்ததை அப்படியே சொல்கிறேன். அன்று அவர் மீசைக்காரரைக் காட்டிலிருந்து தனியாக வெளியே கொண்டுவந்து, மருதுவின் குதிரைகளுக்கு நடுவே நிறுத்தினார். பகடையில் ஒன்று தவிர எது விழுந்தாலும் குதிரைகள் சிதறும். ஒன்று விழுந்தால் மீசைக்காரர் சாவார். உருட்டினார். ஒன்று விழுந்தது.

சிறிது நேரம் பகடையையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போச்சு! மாப்ள இதை வந்து பாத்தான்னா ஒரு வாரத்துக்குச் சிரிப்பான். அய்யா, நீங்க மூச்சு விடப்புடாது. அவனே வந்து பாக்கட்டும்." மீசைக்காரரை அவரே டின்னில் போட்டார். மற்ற வீரர்களைப் படுக்க வைத்தார். துணியை நானும் ஒரு முனை பிடித்துப் போர்த்தினோம். சாப்பிட்டுவிட்டு நாச்சியாபுரம் பஸ்ஸுக்குப் போனார்.

மலைமேல் நடந்தது மருது சொல்லித் தெரிந்தது. விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பிய சின்னக்கண்ணு வழக்கம்போல் எதுவும் சொல்லவில்லை. "போயிப் பாரு மாப்ள. அம்புட்டுத்தான் சொல்லுவேன்," என்று மட்டும் சொல்லிச் சிரித்தாராம். "அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டு எத்தனை நாளு மண்டைய ஒடைச்சேன் தெரியுமாய்யா? கோட்டையத்தான் புடிச்சுட்டான்னு நெனச்சேன்." மருதுவுக்கு விடுமுறை கிடைக்கும் முன்பே, பழுதான கருவியைக் கீழ்முகாமுக்கு எடுத்துப்போன வண்டி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அதில் சின்னக்கண்ணு இருந்தார்.

செய்தி வந்த அன்று செந்தாமரை கீழே இறங்கி வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். மறுநாள் மாடியில் ஏதோ எடுக்கப் போனபோது பார்த்தேன்: மேசைத் துணியின் நடுவே ஒரு மேடு தெரிந்தது.

"நாந்தான்யா," என்றார் செந்தாமரை. "அந்த அண்ணன் அன்னைக்கு அதை டப்பாவுக்குள்ள போட்டதை நானும் பாத்தேன்ல. இப்ப இந்தச் சேதி வந்த பெறகு அது உள்ள கெடக்கலாமா? மனசு கேக்கல. எடுத்து வெளிய நிப்பாட்டிட்டேன்."

படுத்திருப்பதற்கும் நிற்பதற்கும் என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் அப்போது சொல்லவில்லை.

உடலோடு துணைக்கு வந்தவர் மருதுதான். நாச்சியாபுரத்தில் துப்பாக்கி மரியாதை முடிந்து, சாம்பல் கரைத்து, அதன் பிறகே காரைக்குடிக்கு வந்தார். அப்படியே விடுமுறையும் கொடுத்திருந்தார்கள். மாடி ஏறி முன்னறைக்குள் காலை வைத்தவர், பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். வழக்கமாகப் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டுத் துணியை விலக்கச் சொல்பவர் அவர். அன்று துணியின் நடுவே இருந்த மேட்டைப் பார்த்தார். பிறகு சுவரை ஒட்டி நடந்து உள்ளறைக்குப் போனார்.

அதன் பிறகு தினமும் மொட்டைமாடியில் சாயம் பூசினார். முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். மேசைப் பக்கம் திரும்பாமல் போவார். செங்கல்லில் வீரர்கள் நிறைந்துவிட்டார்கள். இத்தனை பேர் யாருக்கு என்று கேட்டேன்.

"தெரியலைய்யா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"துணியை எடுக்கவில்லையே?"

அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசினார். அது சுத்தமான பின்பும் அலசிக்கொண்டிருந்தார். "அவன் கடைசியா எனக்கு வச்சுட்டுப் போனது அதுதான். பாத்துட்டா தீந்துபோச்சு. பெறகு என்கிட்ட அவன் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல." தூரிகையை உதறிவிட்டு, "ஒண்ணு நிக்குது. எப்புடி நிக்கும்? அவன் படுக்க வைக்காமப் போறவன் இல்ல," என்றார்.

சின்னக்கண்ணுவின் இடத்துக்கு வந்திருப்பவரைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "கன்னடக்காரன். தங்கமானவன். ஆடுறதெல்லாம் போன்லதான்."

விடுமுறை முடிகிற வாரத்தில் நாச்சியாபுரத்திலிருந்து அகல்யா வந்தார். சின்னக்கண்ணுவின் மனைவி. நெற்றியில் ஒன்றும் இல்லாத முகம். செந்தாமரை கொடுத்த காப்பியைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதைச் செந்தாமரை பிறகு என்னிடம் சொன்னார்.

"அண்ணே, நான் ஒண்ணு பாக்கணும்னுதான் வந்தேன். கடைசியா லீவுல வந்தப்ப ஒரு நாளு முழுக்க இங்குட்டு வந்துட்டாக. இருக்குறதே கொஞ்ச நாளு, அதுலயும் போறியளான்னு அன்னைக்குச் சண்டை போட்டேன். போயி அந்தப் பொம்மையையே கட்டிக்கங்கன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் வந்தும் பேசல. எங்கூடப் பேசாம இங்குட்டு என்னதான் பண்ணுனாக? அதை மட்டும் எனக்குக் காட்டிருங்கண்ணே."

மருது எழுந்தார். பிறகு படியில் இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். "அய்யா, மேல வாங்க. துணிய எடுக்கணும். சாட்சி இல்லாம நாங்க எடுத்தது இல்ல."

துணியின் நான்கு முனைகளையும் உள்நோக்கி மடித்து, அவர் மெதுவாக எடுத்தார். ஆற்றின் இந்தப் பக்கம் மருதுவின் படை படுத்திருந்தது. அந்தப் பக்கம் சின்னக்கண்ணுவின் படை படுத்திருந்தது. நடுவில் மீசைக்காரர் மட்டும் நின்றார்.

மருதுவின் கை துணியோடு நின்றுவிட்டது.

"என்னண்ணே, எல்லாம் விழுந்து கெடக்கு?" என்றார் அகல்யா.

"விழலத்தா. படுத்துருந்தா டூட்டியில இருக்கோம்னு அர்த்தம். லீவுல வந்தா எழுப்பி நிப்பாட்டுவோம்."

"அப்ப இது?"

கதவருகில் இருந்த செந்தாமரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தான் செய்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருது மீசைக்காரரைப் பார்த்தார். அவரைச் சுற்றி, தாக்கும் தூரத்தில், தன் குதிரைகள் கிடப்பதைப் பார்த்தார். அங்கே ஒரு சண்டை நடந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். துணியை எடுத்ததும் "என்ன விழுந்துச்சு அய்யா?" என்று கேட்பார், நான் சொல்வேன், ஒவ்வொரு முறையும் அதுதான் நடைமுறை. அன்றும் சொல்வதற்கு நான் தயாராகவே இருந்தேன்.

அவர் கேட்கவில்லை. அகல்யாவின் பக்கம் திரும்பினார்.

"இது வீட்டுக்கு வந்துருக்குத்தா."

அகல்யா குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். "மீசையப் பாரு!" என்றார். "அவுகளுக்கு மூக்குக்குக் கீழ நாலு முடி ஒழுங்கா வராது. பொம்மைக்காச்சும் வச்சுக்கிட்டாகளே." சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் முகத்தைப் பொத்திக்கொண்டார். செந்தாமரை வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு ஜெயிச்சாகளாண்ணே?" என்று கேட்டார் அகல்யா.

"ஆட்டம் இன்னும் முடியலத்தா."

"அப்புடியா."

"இதை எடுத்துட்டுப் போறியா? ஒனக்குச் சேந்ததுதான்."

அகல்யா கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். "வேணாம்ணே. அங்குட்டு கொண்டுபோனா அவுக படத்துக்கு முன்னாடி வச்சு இதுக்கும் ஒரு மாலையப் போட்டுருவாக. இங்கனயே இருக்கட்டும்."

அகல்யாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் செந்தாமரை பேச வாயெடுத்தார். "அதை நாந்தான்..."

"தெரியும்," என்றார் மருது. "வாசலப் பாத்து நிக்குது. அவன் வச்சிருந்தா என் பக்கம் பாத்துல்ல வச்சிருப்பான்."

"திருப்பி வச்சுரவா?"

"வேணாம். அப்புடியே இருக்கட்டும்."

அவர் புறப்பட்ட நாள் வானம் மூடிக்கிடந்தது. பச்சைப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. புதிதாகச் சாயம் பூசிய வீரர்களை ஓர் அட்டைப் பெட்டியில் பஞ்சு போட்டு அடுக்கிப் பரணில் வைத்திருந்தார். ஒருவனையும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. இந்த விடுமுறைக்கான நகர்வையும் அவர் ஆடவில்லை. அவருடைய படை எழுந்திருக்கவே இல்லை என்பதால் படுக்க வைக்க வேண்டிய வேலையும் இல்லை. போர்த்துவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

இரண்டு முனையை அவரும் இரண்டு முனையை நானும் பிடித்து வேட்டியை இறக்கினோம். துணி எல்லா இடத்திலும் படுத்திருந்தவர்கள் மேல் தாழப் படிந்தது. நடுவில் மட்டும் ஒரு கூடாரம்போல் நின்றது. தெருவில் ஆட்டோக்காரர் ஒலியெழுப்பினார். மருது வழக்கம்போல் மேசையின் ஓரத்திலிருந்து உள்ளங்கையால் சுருக்கம் எடுத்துக்கொண்டே வந்தார். மலை, ஆறு, காடு என்று கை நகர்ந்து வந்தது. அந்த மேட்டின் அருகே வந்ததும் நின்றது. பிறகு துணியிலிருந்து கையை மேலே தூக்கி, அந்த இடத்தைத் தொடாமல் தாண்டி, அந்தப் பக்கத்தில் இறக்கி, மீதிச் சுருக்கத்தை எடுத்தார்.